1381-இல் வந்த பூஜ்யம்: ராமானுஜனின் டௌ அட்டவணையைப் பேரேட்டில் போட்டுப் பார்த்த அனுபவம்

ராமானுஜன் ஆராய்ந்த எண் வரிசை ஒன்றுக்கு டௌ என்று பெயர். அதன் 1381-ஆவது எண்ணான டௌ(1381)-ஐ 691-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். அட்டவணையின் முதல் வரியிலிருந்து 1380-ஆம் வரி வரை ஒரு இடத்தில்கூட 691-க்கு மீதி பூஜ்யம் வரவில்லை. 1381-ஆவது வரியில் வந்தது. எப்படி அந்த வரி வரை போனேன், எந்தக் கருவி எங்கே நின்றது, எவ்வளவு செலவானது என்பதை எழுதி வைக்கிறேன். பேனாவும் கால்குலேட்டரும் வைத்து இதைத் தொடங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகு வரவு மட்டும் கொஞ்சம் இருக்கும், அது காலையிலேயே முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் மேசையும் கால்குலேட்டரும் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில்தான் இதைச் செய்தேன்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். (1 − க்யூ), (1 − க்யூ வர்க்கம்), (1 − க்யூ கனம்) என்று முடிவில்லாமல் போகும் பெருக்கலை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, முன்னால் ஒரு க்யூ போட்டுப் பெருக்கினால் வருவது டெல்டா. மாடுலர் வடிவங்கள் என்ற வகைச் சார்புகளில் மிகவும் பிரபலமான ஒன்று இது. அதை விரித்து எழுதினால் க்யூவின் ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் நிற்கும் எண்தான் (ஃபூரியே கெழு என்பார்கள்) டௌ. 1916-இல் வந்த கட்டுரையில் ராமானுஜன் முதல் முப்பது மதிப்புகளை அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார். 1, −24, 252, −1472, 4830, −6048, −16744 என்று தொடங்கும். அந்த எண்கள் எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்பதில்தான் எனக்கு ஆசை.

முதலில் நேரடியாகப் பெருக்கித்தான் பார்த்தேன். (1 − க்யூ)-இன் 24-ஆம் அடுக்கு 1, −24, 276, −2024, 10626 என்று போகும். அதோடு அடுத்த காரணியைப் பெருக்கினால் 276-இல் 24 கழிந்து 252. அதற்கடுத்த இடத்தில் −2024-உடன் 576 சேர்ந்து −1448, மூன்றாவது காரணியிலிருந்து இன்னொரு −24 வந்து −1472. இதுவரை அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புது இடத்துக்கும் ஒரு புதுக் காரணி வந்து சேர்கிறது. பெரிய பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் சின்ன எண் மிஞ்சுகிறது. நடுவில் ஒரு இலக்கம் பிசகினால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு அது சரிப்படாது. பத்தாவது இடத்துக்கு முன்பே இந்த வழியை விட்டேன்.

அப்புறம் அக்கா மகள் ஒரு வழி சொன்னாள். இராமநாதபுரத்தில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த விதியை என் பேரேட்டு மொழியில் சொல்கிறேன். எந்த வரிக்கு டௌ வேண்டுமோ அந்த வரி எண்ணில் ஒன்று கழித்ததைத் ‘தலை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் முக்கோண எண்கள் 1, 3, 6, 10, 15. அவற்றுக்கு ஜோடியாக ஒற்றை எண்கள் 3, 5, 7, 9, 11. தலையிலிருந்து முக்கோண எண்ணின் ஒன்பது மடங்கைக் கழித்து, ஜோடி ஒற்றை எண்ணால் பெருக்கி, அந்த முக்கோண எண் அளவுக்கு மேலே இருக்கும் வரியின் டௌவால் பெருக்க வேண்டும். முதல் உறுப்பு கூட்டல், அடுத்தது கழித்தல், இப்படி மாறி மாறி. மொத்தத்தைத் தலையால் வகுத்தால் டௌ.

எட்டாவது வரியை அப்படியே தருகிறேன். தலை 7.

3 × (7 − 9) × டௌ(7) = −6 × −16,744 = 1,00,464
−5 × (7 − 27) × டௌ(5) = 100 × 4,830 = 4,83,000
7 × (7 − 54) × டௌ(2) = −329 × −24 = 7,896

மொத்தம் 5,91,360. ஏழால் வகுத்தால் 84,480, மீதி இல்லை. டௌ(8) அதுதான்.

இந்த ‘மீதி இல்லை’தான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வரியும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. வரவும் செலவும் நேராகாமல் நாள் கணக்கை மூட முடியாத மாதிரி, தலையால் மீதியின்றி வகுபடாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. இதே எட்டாவது வரியில் மூன்றாவது உறுப்பின் குறியை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். 5,83,464-இல் 7,896 போனால் 5,75,568. அதுவும் ஏழால் மீதியின்றி வகுபடும், 82,224 வரும். 7,896-க்குள்ளேயே ஏழு இருப்பதால் தவறு ஒளிந்துகொள்கிறது. அதனால் இரண்டாவது சோதனை கட்டாயம் வேண்டும். பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களை (சார்பகா எண்கள்) பெருக்கினால், வரும் எண்ணின் டௌ அந்த இரண்டின் டௌக்களைப் பெருக்கியதற்குச் சமம். டௌ(6) = −24 × 252 = −6,048. பகா எண்ணின் அடுக்குகளுக்கு வேறு விதி: டௌ(8) = டௌ(2) × டௌ(4) − 2,048 × டௌ(2) = 35,328 + 49,152 = 84,480. 82,224 இங்கே மாட்டிக்கொள்ளும். ராமானுஜன் அனுமானமாகச் சொன்ன இந்தப் பெருக்கல் பண்பை மோர்டெல் 1917-இல் நிரூபித்தார். எனக்கு அது பேரேட்டின் எதிர்ப்பக்கம் மாதிரி பயன்பட்டது. பகு எண் வரும் ஒவ்வொரு வரியிலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.

கருவிகள்: அகலமான பேரேடு ஒன்று 220 ரூபாய். நீலம், சிவப்பு பேனா, எதிர்மறை எண்களுக்கெல்லாம் சிவப்பு. குறியைச் சின்னக் கோடாகப் போட்டால் சாயங்கால வெளிச்சத்தில் தெரியாது, நிறம் தெரியும். 12 இலக்க மேசைக் கால்குலேட்டர் ஏற்கெனவே இருந்தது. புதிதாக வாங்கினால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

மதிப்பெல்லாம் எழுதிய பிறகு பக்கத்தில் இரண்டு மீதிப் பத்திகள் போட்டேன். ஒன்று 23-க்கு, இன்னொன்று 691-க்கு. 23-இன் பத்தியில் உடனே பலன் தெரிந்தது. 4830 = 23 × 210. 16744 = 23 × 728. டௌ(11) ஆகிய 5,34,612-ம் வகுபடும், டௌ(17), டௌ(19) இரண்டும் வகுபடும். 23-ஐ மட்டாகக் கொண்டு வர்க்க மீதியாக வராத, அதாவது எந்த வர்க்கத்தை 23-ஆல் வகுத்தாலும் கிடைக்காத மீதியைத் தரும் பகா எண்களுக்கு எல்லாம் பூஜ்யம். 2, 3, 13-க்கு மீதி −1. ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் 23 மடங்கும் சேர்ந்து வரும் பகா எண் என்றால் மீதி 2. 36-உம் 23-உம் சேர்ந்த 59-ஐ எடுத்துப் பார்த்தேன். டௌ(59) = −518,92,03,740. அதோடு 23-இன் மடங்கான 518,92,03,742-ஐக் கூட்டினால் 2 மிஞ்சும். சிவப்பு மையில் பத்து இலக்கம் எழுதி, வகுத்து, கடைசியில் அந்த 2-ஐப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

691-இன் பத்தி வேறு மாதிரி. அதன் விதியும் 1916 கட்டுரையில் இருக்கிறது: டௌவும், வகுஎண்களின் 11-ஆம் அடுக்குகளின் கூட்டலும் 691-ஐ மட்டாகக் கொண்டு ஒன்றே, அதாவது 691-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. மூன்றை எடுத்தால், 3-இன் 11-ஆம் அடுக்கு 1,77,147. ஒன்று கூட்டி 252-ஐக் கழித்தால் 1,76,896. அது 691 × 256. ஐந்துக்கு 691 × 70,656. வரிக்கு வரி பொருந்துகிறது. ஆனால் பூஜ்யம் மட்டும் வரவே இல்லை.

அதுதான் என்னை உறுத்தியது. கிட்டத்தட்ட எல்லா எண்களுக்கும் டௌ 691-ஆல் வகுபடும் என்று வாட்சன் 1930-களில் நிரூபித்துவிட்டார். பின்னால் செர், எந்த முழு எண்ணை எடுத்தாலும் அப்படித்தான் என்று காட்டினார். அப்படியானால் என் பேரேட்டில் ஒன்றாவது வர வேண்டாமா? அறுபது வரி எழுதியாகிவிட்டது. அதற்கு மேல் கூட்டல் 12 இலக்கத்தை முட்டத் தொடங்கியது. கால்குலேட்டரின் எல்லை அங்கே முடிந்தது.

கம்பெனியில் ஓரங்கட்டிய பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தது. நம் பக்கத்துச் சாமான்களுக்கு உள்ள நோய் அதற்கும் இருந்தது. உப்புக்காற்றில் சார்ஜர் சொருகும் இடம் பச்சை பூத்துக் கிடந்தது. பழைய பல்துலக்கியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்து, நன்றாக உலர விட்டபின் சார்ஜ் ஏறியது. ஆல்கஹால் 100 ரூபாய்க்குள். தென்கடல் காற்று அடிக்கும் ஜன்னல் பக்கம் கணினியை வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவையுங்கள்.

விரிதாளில் அதே விதியைப் போட்டேன். அறுபதிலிருந்து நூறு, நூற்றைம்பது என்று வேகமாக ஓடியது. இருநூறைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வகுத்த விடையில் தசமம் முளைத்தது. விதியில் பிழை இல்லை. விரிதாள் ஒரு எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் நம்பிக்கையாக வைத்திருக்காது. உள்ளே பெருக்கி வரும் உறுப்புகள் அதைத் தாண்டிவிட்டன. மீதிச் சோதனை இருந்ததால்தான் இது அங்கேயே தெரிந்தது. இல்லையென்றால் தப்பான எண்களை ஆயிரம் வரி வரை நம்பியிருப்பேன்.

இதற்குள் அக்கா மகள் கணக்குப் போட்டுவிட்டு வந்தாள். “மாமா, பகா எண்ணுக்குப் பூஜ்யம் வரணும்னா அதோட 11-ஆம் அடுக்கு 691-க்கு ஒண்ணு குறைவா மீதி தரணும். 11-க்கும் 690-க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால அந்தப் பகா எண்ணே 691-இன் மடங்குக்கு ஒண்ணு குறைவா இருந்தாத்தான் உண்டு.” 690 பகா எண் இல்லை. அடுத்தது 1381, அது பகா எண். அதற்கு முன்னால் பகா எண்ணின் அடுக்குகளிலாவது பூஜ்யம் வருமா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம், எதுவும் இல்லை. ஆக முதல் பூஜ்யம் 1381-இல்தான்.

வாட்சன் சொன்னதும் பொய் இல்லை. இப்படிப்பட்ட பகா எண்கள் 690-இல் ஒன்று என்ற விகிதத்தில்தான் வரும். அதனால் வகுபடாத எண்களின் பங்கு, மடக்கையின் 690-இல் ஒரு பங்கு அடுக்குக்குத் தலைகீழாக, மிக மிக மெதுவாகக் குறைகிறது. முன்னால் நிற்கும் மாறிலியை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தப் பங்கு பாதியாவதற்கு எண்ணின் மடக்கையே 2-இன் 690-ஆம் அடுக்கு அளவு போக வேண்டும். நம் கைக்கு எட்டும் எந்த அட்டவணையிலும் ‘கிட்டத்தட்ட எல்லாம்’ என்பதன் சாயல்கூடத் தெரியாது. நிரூபணத்தால் மட்டும் பார்க்கக்கூடிய உண்மை அது. இதை உணர்ந்தபிறகு அந்த நிரூபணத்தின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

விதி சொல்லிவிட்டது, ஆனாலும் அட்டவணை வழியாகவே 1381-க்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முழு எண்ணை வைத்துக்கொள்ள விரிதாளால் முடியாது. அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே 691-இன் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? எந்த உறுப்பும் பெரிதாகாது. 1381-ஆவது வரியில் 52 உறுப்புகள்தான், மொத்தம் 15 இலக்கத்துக்குள் தாராளமாக அடங்கும். ஒரே மாற்றம், தலையால் வகுப்பதற்குப் பதில் அதன் பெருக்கல் நேர்மாறால் பெருக்க வேண்டும். 2-க்கு 346, ஏனென்றால் 2 × 346 = 692, அதை 691-ஆல் வகுத்தால் மீதி 1. 3-க்கு 461, 5-க்கு 553. இப்படி 1 முதல் 690 வரைக்கும் ஒரு தனிப் பத்தி போட்டேன்.

இதில் ஒரு இழப்பு உண்டு. நேர்மாறால் பெருக்கினால் எதுவும் எப்போதும் ‘வகுபடும்’. வரிக்கு வரி இருந்த மீதிச் சோதனை போய்விட்டது. பெருக்கல் பண்புதான் ஒரே காவல்.

தாளைக் கீழே இழுத்தேன். 691 வரை ஓடி, 692-இல் பிழைச்செய்தி. அதற்குக் கீழே உள்ள எல்லாக் கட்டத்திலும் அதே பிழை. 692-ஆவது வரியின் தலை 691. அதன் மீதி பூஜ்யம், பூஜ்யத்துக்கு நேர்மாறு கிடையாது. விதி அந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறது.

வழி பேரேட்டின் எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது. 692 = 4 × 173, இரண்டும் சார்பகா. டௌ(4)-இன் மீதி 601. டௌ(173)-இன் மீதி மேலே ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பெருக்கி 691-இன் மீதியை எடுத்து 692-ஆவது கட்டத்தில் கையால் போட்டேன். கீழே பிழை எல்லாம் மறைந்து எண்கள் வரிசையாக வந்தன. அந்த வரியில் இன்னொரு நல்ல செய்தியும் ஒளிந்திருந்தது. தலை 691 என்பதால், வகுப்பதற்கு முந்தைய மொத்தம் கட்டாயம் 691-இன் மடங்காக இருந்தாக வேண்டும். பார்த்தேன், இருந்தது. காணாமல் போன மீதிச் சோதனை அந்த ஒரு வரியில் திரும்பக் கிடைத்தது. மேலே உள்ள 691 வரிகளும் சரி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அங்கிருந்து 1381 வரை தடை இல்லை. அந்தக் கட்டத்தில் 0.

உறுதிப்படுத்த அக்கா மகள் தன் ஃபோனிலேயே பைத்தானில் எழுதினாள். பைத்தானில் முழு எண்களுக்கு இலக்க எல்லை கிடையாது. அதனால் பழைய விதியையே, மீதிச் சோதனையோடு, முழு மதிப்புகளுக்குப் போட முடிந்தது. பத்து வரிகூட இல்லை. 2411 வரை கேட்டோம், உடனே வந்தது. 691-இன் பத்தியில் 1381 தவிர வேறு பூஜ்யம் இல்லை.

2411 வரை கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பகா எண், தன்னுடைய டௌவையே வகுக்குமா என்பது தனிக் கேள்வி. 24-ஐ 2, 252-ஐ 3, 4830-ஐ 5, 16744-ஐ 7 வகுக்கும். 11-இல் மீதி 1, அங்கே நின்றுவிடுகிறது. அடுத்தது 2411 என்று நியூமன் 1972-இல் கண்டார். எங்கள் பட்டியலின் கடைசி வரியை 2411-ஆல் வகுத்தோம், மீதி இல்லை. அதற்கடுத்தது 775,83,37,633 என்று 2010-இல் லிகெரோஸ், ரோசியே இருவரும் கண்டுபிடித்தார்கள். வரிவரியாகப் போகும் என் முறையில் அதைத் தொட நினைக்க வேண்டாம். 775 கோடி வரிகள் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். மீதிப் பத்திகளைக் கடைசியில் சேர்க்காமல் முதல் வரியிலிருந்தே முழு மதிப்போடு ஓட விடுவேன். பேரேட்டில் அறுபது வரை போகத் தேவையில்லை, ராமானுஜன் நிறுத்திய முப்பது போதும். கைக்கு ருசி அதற்குள் பிடிபட்டுவிடும், ஒப்பிட அவர் அட்டவணையும் இருக்கிறது. ஒவ்வொரு பகு எண் வரியிலும் பெருக்கல் சோதனைக்குத் தனிக் கட்டம் வைப்பேன். விரிதாளில் அதை நான் ஓரத்தில் அங்கங்கே போட்டதால் தேடவேண்டி இருந்தது.

இன்னும் கீழே இழுக்க நினைக்கிறவர்களுக்கு: 1381-க்கு அப்புறம் 2762, 4143, 5524 ஆகியவை அதன் மடங்குகள் என்பதால் பூஜ்யம் தரும். அடுத்த புதுப் பகா எண் 5527. அதுவரை தாள் நிற்கும் வரிகள் 692, 1383, 2074, 2765, 3456, 4147, 4838. இவற்றில் எதுவும் பகா எண்ணோ பகா எண்ணின் அடுக்கோ இல்லை. 1383 = 3 × 461, 4147 = 11 × 13 × 29, 4838 = 2 × 41 × 59 என்று எல்லாமே சார்பகாக் காரணிகளாகப் பிரியும். ஏழு கட்டத்தில் கையால் பெருக்கிப் போட்டால் போதும். ஒவ்வொரு இடத்திலும் மொத்தம் 691-இன் மடங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்.